கரிக் குவியலுக்குக் குறைந்த வரி, கொட்டகைக்குக் கூடுதல் வரி

தூத்துக்குடி முத்தையாபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீடு 900 சதுர அடி. 2022-இல் சொத்து வரி ஏறியதிலிருந்து அவருக்குக் கோபம். அம்மா காலையில் தட்டட்டியைப் பெருக்கினால் வாரியல் முனை கருத்துப் போகிறதாம். அதனால் இரண்டு கேள்வியை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறார்: ‘எங்களிடம் அரையாண்டுக்கு அரையாண்டு வாங்குகிறார்களே, துறைமுகமும் சொத்து வரி கட்ட வேண்டுமா, வேண்டாமா? அது கிளப்பும் நிலக்கரித் தூசிக்கும் கப்பல் விடும் புகைக்கும் தக்கபடி அந்த வரியை ஏற்றினால் காற்று சுத்தமாகாதா?’

முதல் கேள்விக்குப் பதில், கட்ட வேண்டும். இரண்டாவதற்குப் பதில், ஆகாது. ஆனால் அந்த ‘ஆகாது’க்குள் சின்னதாக ஒரு ‘ஆகும்’ இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் உள்ளாட்சி வருவாய்ப் பிரிவில் டேப்பைப் பிடித்துக் கட்டடம் அளந்தே தலை நரைத்தவன். இருப்பது பாளையங்கோட்டை. தூத்துக்குடி விவகாரத்தில் திருநெல்வேலிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். 1986 அக்டோபர் 20 வரைக்கும் இரண்டும் ஒரே ஜில்லா. துறைமுகத்தில் கரி ஏற்றிய லாரி வாகைக்குளம், வல்லநாடு தாண்டி வந்தால் எங்கள் ஊர் முகப்பில்தான் நிற்கும்.

முதலில் வரி. அரசியல் சாசனத்தின் 285-ஆவது பிரிவு ஒன்றிய அரசின் சொத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் செய்தாலொழிய மாநில அரசோ, மாநிலத்துக்குள் இருக்கும் மாநகராட்சியோ ஊராட்சியோ அதற்கு வரி போட முடியாது. தபால் ஆபீசும் சுங்க இலாகா கட்டடமும் இந்தக் குடைக்குள் வருகின்றன. அதற்காக அவை தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் இலவசமாக அனுபவிக்கலாம் என்று அர்த்தமில்லை. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. உள்ளாட்சியின் சேவைகளை முழுவதும் பயன்படுத்தினால் சொத்து வரியில் 75 சதவீதம், பாதி பயன்படுத்தினால் 50 சதவீதம், எதையும் பயன்படுத்தாவிட்டாலும் 33⅓ சதவீதம். இதற்குப் பெயர் வரி இல்லை, சேவைக் கட்டணம். பெயரை மாற்றினால் சாசனம் குறுக்கே நிற்காது.

துறைமுகத்தை நாம் ‘சென்ட்ரல் கவர்மெண்ட்’ என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. தூத்துக்குடி 1974 ஜூலை 11-இல் பெருந்துறைமுகம் ஆனது, நாட்டில் 10-ஆவது. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருந்துறைமுகத்தின் நிலமும் கட்டடமும் ஒரு பொறுப்புக் கழகத்தின், அதாவது ‘போர்ட் டிரஸ்ட்’டின் பெயரில் இருந்தன. அந்தக் கழகத்தை டெல்லி நியமிக்கலாம், டெல்லி அதட்டலாம். ஆனால் சொத்து அதன் சொந்தப் பெயரில். இதே மாதிரிதான் கல்கத்தா விமான நிலைய விஷயத்தில் டம்டம் நகராட்சி வழக்கு நடத்தி, விமான நிலைய ஆணையத்தின் சொத்து ஒன்றிய அரசின் சொத்து ஆகாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1999-இல் விசாகப்பட்டினம் துறைமுகம் அதே குடையைப் பிடிக்கப் பார்த்தது. அங்கேயும் குடை கிடைக்கவில்லை. 2021-இல் புதிய பெருந்துறைமுகச் சட்டம் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 3 முதல் பொறுப்புக் கழகங்கள் எல்லாம் ஆணையங்கள் ஆயின. போர்டுப் பலகை மாறியது. சொத்து இப்போதும் அந்த அமைப்பின் பெயரில்தான், ஒன்றிய அரசின் பெயரில் இல்லை. ஆகவே 285 என்று சொல்லித் தப்ப வழி இல்லை. துறைமுக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கட்டடம் எழுப்பியிருக்கும் தனியார் முனையங்களுக்கும் கிட்டங்கிகளுக்கும் இந்தப் பேச்சே எழாது.

அப்படியானால் எல்லாம் சுலபமா? இல்லை. சொத்து வரி என்பது அடியில் வாடகை மதிப்பு. இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன வரும் என்ற கற்பனையில் நிற்பது. வீட்டுக்கும் கடைக்கும் அந்தக் கற்பனை ஓடும். அலை தடுப்புச் சுவரை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? கப்பல் தளத்துக்குச் சதுர அடி வாடகை என்ன? தளத்தின் மேல் நிற்கும் கிரேன் கட்டடமா, இயந்திரமா? கட்டடத்தை மதிப்பிடும்போது உள்ளே இருக்கும் இயந்திரத்தையும் தளவாடத்தையும் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பழைய விதி. ஆக, துறைமுகத்தின் விலை மதிப்பில் பெரும்பகுதி எங்கள் டேப்புக்குள் அகப்படாது. நாட்டில் எந்தத் துறைமுக ஊரை எடுத்தாலும் இந்த வரி கடைசியில் பேரமாகவோ வழக்காகவோ நிலுவையாகவோ போய் நிற்பதற்கு இதுதான் காரணம். யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. உடன்குடி அனல்மின் நிலையத்துக்குக் கல்லாமொழியில் கடலுக்குள் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலக்கரித் தளம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் வரி பேச வேண்டியது மாநகராட்சி இல்லை, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஊராட்சி. அதே கரிதான், இறங்கும் இடம் மாறினால் ரசீது போடும் கை மாறிவிடுகிறது.

சரி, இனி காற்றுக்கு வருவோம். விஷயம் இருப்பது இங்கேதான்.

2022 ஏப்ரலில் வந்த வரி உயர்வை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. கடை, வணிகக் கட்டடத்துக்கு 100. தொழிற்சாலைக்கு 75. உங்கள் 900 சதுர அடி வீட்டுக்கு 50 சதவீதம் ஏறியிருக்கும். இந்தப் பட்டியலில் சதுர அடி இருக்கிறது, பயன்பாடு இருக்கிறது. புகை எங்கேயாவது இருக்கிறதா? புகைபோக்கி இல்லாத நூல் கிட்டங்கிக்கும் கரி மூட்டை கட்டும் கிட்டங்கிக்கும் அளவு ஒன்று என்றால் வரியும் ஒன்று. இது வரியின் குற்றம் இல்லை. இது இடத்தை அளக்கப் பிறந்த வரி. முழக்கோலை வைத்துக் காய்ச்சலைப் பார்க்க முடியாது.

இதைவிட மோசமான ஒரு முரண் உள்ளே இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் ஒரு கரி யார்டுக்கு அளக்கப் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். சுற்றிலும் தகரம், நடுவில் மலை மாதிரி கரி, ஒரு மூலையில் எடை மேடைக்கான அறை. அந்த அறைக்குத்தான் கட்டட வரி. மற்றதெல்லாம் காலிமனைக் கணக்கு. அக்கம்பக்கத்தில் புகார் இருக்கிறதே, மேலே கூரை போட்டுவிடுங்களேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘சார், கூரை போட்டா நீங்களே டேப்பைத் தூக்கிட்டு வந்து நிப்பீங்க’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது நிஜம். திறந்து கிடந்தால் காலிமனை வரி. மூடினால் தளப்பரப்பு, தொழில் பயன்பாடு, முழு வரி. காற்றைக் காப்பாற்ற ஒருவன் செலவு செய்தால் நாம் அவனுக்கு வருஷா வருஷம் கூடுதல் ரசீது கொடுக்கிறோம். 2023 விதிப்படி ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற வழி இருக்கிற ரசீது. அந்த வரி ஒன்றுக்காகத்தான் அவர் கூரை போடவில்லை என்று நம்ப நான் அப்பாவி இல்லை, கூரைச் செலவே பெரிது. ஆனால் அரசாங்கம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால், தப்பான பக்கம்தான் தள்ளுகிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கிறது. 1993-இல் மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் மாசுக் கட்டுப்பாட்டுக்காக ஒரு நிறுவனம் போடும் கருவிக்கும் கட்டுமானத்துக்கும் சொத்து வரி கிடையாது. எது அப்படிப்பட்ட சொத்து என்று மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் பார்த்துச் சான்று தரும். ஹூஸ்டன் கால்வாய்க் கரையில் வரிசையாக இருக்கும் எண்ணெய் ஆலைகளுக்கு இது பெரிய சலுகை. எனக்கு அதை அப்படியே இங்கே கொண்டுவருவதில் சம்மதம் இல்லை. அங்கே பள்ளிக்கூடங்கள் சொத்து வரியை நம்பி நடக்கின்றன. விலக்குக் கொடுத்த இடத்தில் விழும் ஓட்டையை வேறு யாராவது அடைக்க வேண்டும். சட்டப்படி செய்தே ஆகவேண்டிய ஒன்றைச் செய்ததற்கு எதற்குப் பரிசு என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் ஒரு நூல் அளவுக்கு மட்டும் அதை எடுக்கலாம். கரி, கந்தகம், பாஸ்பேட் பாறை மாதிரி பறக்கும் சரக்கை மூடுவதற்கென்றே போடும் கொட்டகைக்கு, காலிமனை வரிக்கு மேல் வாங்குவதில்லை என்று மாநில அரசு ஒரு விதி போடலாம். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் 2023 விதிகளும் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன, டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மாநகராட்சிக்கும் நஷ்டம் இல்லை, இப்போது அந்தக் கொட்டகையே இல்லையே. நான் சொன்ன சின்ன ‘ஆகும்’ இதுதான்.

இனி எதிர்ப் பக்கம்: மாசுக்குத் தக்கபடி வரியை ஏற்றலாமே? அதையும் நம் நாடு செய்து பார்த்தது, சொத்து வரியாக இல்லை, நிலக்கரி மேல் தீர்வையாக. 2010-இல் டன்னுக்கு 50 ரூபாய். 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400. சுரங்கத்தில் வெட்டினாலும் உண்டு, கப்பலில் இறக்கினாலும் உண்டு. தூத்துக்குடிக்கு 70,000 டன் கரியோடு ஒரு கப்பல் வந்தால் 2 கோடியே 80 லட்சம் ரூபாய். ‘தூய எரிசக்தி’ என்று பெயர் சூட்டிய தீர்வை அது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாய், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் தீர்வையாக வேஷம் மாறியது. 2025 செப்டம்பர் 22-இல் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரி மேல் ஜிஎஸ்டியை 5-இலிருந்து 18 சதவீதம் ஆக்கினார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பணத்தில் முத்தையாபுரத்தில் ஒரு தண்ணீர் தெளிப்பான் முளைத்ததா என்று நீங்களே சொல்லுங்கள். வரி ஏற்றினால் பணம் வரும். வந்த பணம் எந்தப் பையில் விழும் என்று வரியே சொல்லாது. உங்கள் யோசனைக்கு நான் ‘ஆகாது’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூசி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கப்பலின் வயிற்றிலிருந்து கிரேன் வாளி அள்ளுகிறது, ஒன்று. ஹாப்பர் என்கிற புனல் தொட்டியில் கொட்டுகிறது, இரண்டு. டிப்பரில் விழுகிறது, மூன்று. யார்டில் குவிகிறது, நான்கு. அங்கிருந்து மறுபடி லாரி, ஐந்து. வழியில் தார்ப்பாய் கிழிந்திருந்தால் ஆறு. கரி எத்தனை தடவை விழுகிறதோ அத்தனை தடவை தூசி. துறைமுகத்தை ஒட்டியே இருக்கும் 1050 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்குத் தளத்திலிருந்து நேராக கன்வேயரில் கரி போவதால் இதில் பாதி விழுதல் கிடையாது. லாரியில் போகும் கரிதான் ஊரைச் சுற்றுகிறது. தண்ணீர் தெளித்தால் அடங்கும்; ஆனால் ஈரக் கரி எரியும்போது வெப்பம் குறையும், எடையிலும் தகராறு வரும், அதனால் தெளிப்பானைத் திறக்க யாருக்கும் மனசு வராது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் தூசி கடலுக்குப் போய்விடும், ஊரும் மறந்துவிடும். கடல் பக்கக் காற்று திரும்பியதும் உங்கள் அம்மாவின் வாரியல் கருக்கும், பக்கத்து அளத்தில் உப்புக் குவியலும் நிறம் மாறும். கருத்த உப்பை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். வாரியலில் அகப்படுவது பெரிய துகள். நுரையீரலுக்குள் போவது வாரியலுக்கு அகப்படாத துகள். 10 மைக்ரானுக்குச் சின்ன துகளுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், 2.5 மைக்ரானுக்குக் கீழே 40 என்பது 2009-இலிருந்து தேசிய வரம்பு. இந்த வரம்பைத் தொடர்ந்து தாண்டிய ஊர்களுக்காக 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது, முதல் பட்டியலில் இருந்த 102 ஊர்களில் தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஊர் தூத்துக்குடி. சென்னை இல்லை, மதுரை இல்லை. தூத்துக்குடியில் காற்று என்றதும் எல்லோருக்கும் ஒரு தாமிர ஆலை மட்டுமே ஞாபகம் வருகிறது. அந்த ஆலை 2018 மே மாதமே மூடியாயிற்று. அந்தத் திட்டப் பணமும் நாடு முழுக்கப் பெரும்பாலும் சாலைப் புழுதிக்கே போகிறது, பெருக்கும் இயந்திரமும் நடைபாதைத் தளமுமாக. புழுதியைக் கூட்டுவது நல்லதுதான், கரி கொட்டும் இடத்தில் அடக்காமல் ரோட்டில் கூட்டுவது குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை.

கப்பல் புகை தனிக் கணக்கு. தளத்தில் கட்டிய பிறகும் கப்பலுக்கு விளக்கு, பம்பு, குளிரூட்டி எல்லாம் ஓட வேண்டும். அதற்குத் துணை எஞ்சின் இரவும் பகலும் எரியும். எண்ணெயில் உள்ள கந்தகம் எரிந்தால் இரண்டு மடங்கு எடையில் கந்தக டை ஆக்சைடு ஆகும். 2019 முடியும் வரை உலகக் கப்பல் எண்ணெயில் 3.5 சதவீதம் கந்தகம் இருக்கலாம், அதாவது ஒரு டன் எண்ணெய்க்கு 70 கிலோ வாயு. 2020 ஜனவரி 1 முதல் வரம்பு 0.5 சதவீதம், 10 கிலோ. ஐரோப்பியத் துறைமுகங்களில் 2010-இலிருந்தே தளத்தில் நிற்கும் கப்பலுக்கு 0.1 சதவீதம்தான், 2 கிலோ. இந்தியக் கடலில் அந்தக் கடைசிப் படி இன்னும் இல்லை. இதில் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பிடி இல்லை. கொடி கட்டிய கப்பலைக் கேள்வி கேட்பது மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். புகையைக் கடல் தண்ணீரால் கழுவிவிட்டுப் பழைய எண்ணெயையே எரிக்கும் கப்பல்களும் உண்டு. அந்தக் கழுவிய தண்ணீர் மறுபடி கடலுக்கே போகும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தூத்துக்குடி வாசலிலிருந்தே தொடங்குகின்றன என்பதை நினைத்தால் எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

துறைமுகத்துக்குச் சுருக்கமாக நியாயம் சொல்லிவிடுகிறேன். 2021 சட்டம் வந்ததிலிருந்து கட்டணத்தை ஆணையத்தின் நிர்வாகக் குழுவே நிர்ணயிக்கலாம். கரையிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு எஞ்சினை அணைக்கும் கப்பலுக்குக் கட்டணச் சலுகை, திறந்த டிப்பரில் எடுக்கும் சரக்குக்குக் கூடுதல் கட்டணம் என்று வைக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. புகைக்கு விலை வைக்க வேண்டுமானால் சரியான இடம் இதுதான், டன்னுக்கும் மணிக்கும் கணக்குப் போடுகிற இடம். துறைமுகங்களைப் பசுமையாக்க ஒன்றிய அரசு 2023 மே மாதம் கொண்டுவந்த ‘ஹரித் சாகர்’ வழிகாட்டுதலில், ஒரு டன் சரக்குக்கு ஆகும் கரியமில வாயுவை 2030-க்குள் 30 சதவீதம், 2047-க்குள் 70 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறது. பசுமை ஹைட்ரஜன் மையமாகத் தேர்ந்தெடுத்த மூன்று துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால் கரியமில வாயு வேறு, கரித்தூசி வேறு. சூரிய மின்சாரத்தில் ஓடும் கிரேனும் கரியை உயரத்திலிருந்து கொட்டினால் தூசி கிளம்பத்தான் செய்யும்.

இதே தமிழ்நாட்டில் தூசியை எது நிறுத்தியது தெரியுமா? ராயபுரம் பக்கத்து மக்கள் பல வருஷம் சென்னைத் துறைமுகக் கரித்தூசியைத் தின்றார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அங்கே கரி இறங்குவது நின்றது. வரி இல்லை, உத்தரவு. கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூர்க்காரர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது வேறு கதை, வருத்தமான கதை.

ஆகவே தம்பி, மாநகராட்சி வாசலில் போய் ‘துறைமுகத்துக்கு வரி ஏற்று’ என்று மனுக் கொடுக்க வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது, துறைமுக நிலத்தில் இருக்கும் குத்தகைக் கட்டடங்களில் எத்தனைக்கு வரி எண் இருக்கிறது, எவ்வளவு கேட்பு (அதாவது கட்டச் சொன்ன தொகை), எவ்வளவு வசூல் என்பது. 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதினால் 30 நாளில் சொல்லியாக வேண்டும். தூசிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். ஒவ்வொரு கரி யார்டுக்கும் 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டப்படி கொடுத்த இசைவாணையில் நிபந்தனைகள் இருக்கும்: தெளிப்பான், காற்றுத் தடுப்புச் சுவர், குவியல் உயரம், சக்கரம் கழுவும் தொட்டி, தார்ப்பாய். அந்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமாக இருந்தால் ஜூன் 1, டிசம்பர் 1 என்று அரையாண்டுக்கு ஒருமுறை, நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்ற அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். நகலை வைத்துக்கொண்டு சாயங்காலம் யார்டுக்கு வெளியே நின்று, தெளிப்பான் ஓடுகிறதா என்று தேதி போட்டு போட்டோ எடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ‘தூசி வருகிறது’ என்ற மனுவுக்குக் கிடைக்கும் பதிலும், ‘நிபந்தனை 7 மீறப்படுகிறது, தேதிகள் இவை’ என்ற மனுவுக்குக் கிடைக்கும் பதிலும் வேறு வேறு. இதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

கொட்டகை வரி விஷயத்தை மட்டும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம், அம்மா பெயரில் உள்ள வரியை அரையாண்டு தொடங்கும் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள். 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.